பதில் ஊதல்

இன்று காலை துறைமுகத்தில் ஓர் இழுவைப் படகு ஒருமுறை சுருக்கமாக ஊதியது. ஓர்ஸ் ஹில் மேட்டிலுள்ள நம் வீட்டு யன்னலடியில் தேத்தண்ணீரோடு நின்ற நான் உங்கள் வெறுங்கதிரையைத் திரும்பிப் பார்த்தேன்.

நீங்கள் இழுவைப் படகு ஓட்டிய காலத்தில் அந்த ஊதலுக்கு ஒரே பொருள்: கட்டளை விளங்கியது. கப்பலின் மேலிருந்து ஒருவர் "இழு" என்பார். இறங்குதுறையிலிருந்து மற்றவர் "நிறுத்து" என்பார். அப்போது நீங்கள் ஊதமாட்டீர்கள். இருவரையும் கேட்டுத் தெளிந்த பிறகுதான் பதில் ஊதல்.

"உங்களால கப்பல் பிந்துது எண்டு கதைக்கினம்" என்று ஒருநாள் சீண்டினேன்.

"பிந்தட்டும். கப்பல் முழுசா இருக்குத்தானே?"

நம் மகள் இப்போது வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். மீனவர்களின் கைபேசிக்குக் காற்று எச்சரிக்கை அனுப்பும் மென்பொருள். அதை எழுதுகிறவர்களில் இருவர் ஒரே வரியை வெவ்வேறாக மாற்றினால், இருவரையும் அழைத்துத் தீர்த்துவைப்பது அவள் பொறுப்பு. இப்போது அதற்கும் ஒரு செயற்கை அறிவுக் கருவி வந்துவிட்டது.

நேற்று அதன் வேலையைப் பெருமையாகக் காட்டினாள். சிறு படகுகளுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை போகவேண்டுமென்று ஒருவர் எச்சரிக்கைக்கான காற்று வேக எல்லையைக் குறைத்திருந்தார். அடிக்கடி எச்சரித்தால் ஒருவரும் கவனிப்பதில்லை என்று மற்றவர் கூட்டியிருந்தார். கருவி தானே முடிவெடுத்து, அவர் கூட்டிய எண்ணையே வைத்துக்கொண்டது.

"ஆரைக் கேட்டு?"

"கேக்கத் தேவையில்லை அம்மா. அதுக்குத்தானே கருவி. சோதனையெல்லாம் சரியா வந்திட்டுது."

"எங்களுக்கு மீன் கொண்டுவாற சல்லி ஊர்ச் செல்வியின்ர மனுசன் சின்னப் படகிலதானே போறவர். அவருக்கு எந்த எண்?"

"கொன்வென்ற் பள்ளிக்கூடத்து மதர் மாதிரி விசாரிக்கிறீங்கள்" என்று சிரித்தவள், சின்னப் படகுக்கும் அதே எண் இருப்பதைத் திரையில் கண்டதும் கைபேசியை எடுத்தாள்.

இருவரையும் அழைத்தாள். எண்ணைக் கூட்டியவர் பெரிய படகுகளை மட்டுமே நினைத்திருக்கிறார். தேவைப்பட்டவை இரண்டு எண்கள்: பெரிய படகுக்கு ஒன்று, சிறியதற்கு ஒன்று. இரண்டையும் எழுதி அன்றே அனுப்பினாள்.

இனி இப்படியான எண்களில் கருவி தானாக முடிவெடுக்காமல், நின்று ஆட்களைக் கேட்கவேண்டும் என்று மேலிடத்திடம் கேட்டிருக்கிறாள். வேலை தாமதமாகும் என்கிறார்களாம். அதைப் பேசும் இணையவழிக் கூட்டம்தான் இப்போது அவள் அறைக்குள் நடக்கிறது. வெளியே காற்று உரத்துவிட்டது. செல்வியின் கணவர் கரைக்கு வந்தாரோ தெரியாது. இதை எழுதும்போதே யன்னலால் எட்டிப் பார்க்கிறேன்.

பூட்டிய கதவுக்குள்ளிருந்து அவள் குரல் கேட்கிறது: "ஓம், பிந்தும். பிந்தட்டும்."

அவள் சிறுமியாக இருந்தபோதே நீங்கள் கண்மூடிவிட்டீர்கள். உங்களுடைய அந்தச் சொல்லை இத்தனை காலமும் இந்த வீட்டில் நான்தான் சொல்லிவந்திருக்கிறேன் போலும்.