கலப்பு வகுப்பில் முத்துராணி

ஆகஸ்ட் 12, 2024, திங்கள்
இந்தப் பருவத்திலிருந்து எம்.எஸ்சி. கணிதம் கலப்பு முறை. இருபது பேர் எதிரே பெஞ்சில், பதினோரு பேர் செல்போனில். பலகைக்குத் திரும்பினால் அவர்களுக்கு என் முதுகு. கேமரா பக்கம் நின்றால் இவர்கள் கொட்டாவி. யாருக்குப் பாடம் நடத்துகிறேன்?

ஆகஸ்ட் 14
ஆன்லைனில் அபிஜித் ஒரு மணி நேரம் கண் சிமிட்டவேயில்லை. போட்டோவை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். கேட்டால், "கூர்ந்து கவனிச்சேன் மேம்."
துறைக்கூட்டத்தில் நான் ஒரு விதி சொன்னேன். வகுப்பு நடுவே திடீரென்று பெயர் கூப்பிடுவது. ஒரு நிமிடத்தில் பதில் வராவிட்டால் ஆப்சென்ட். துறைத்தலைவர் காந்திமதிநாதன் உடனே ஏற்றுக்கொண்டார். "யாரையும் நம்பாத ஆள் ஒண்ணு துறைக்கு வேணும் மேடம்." பாராட்டாகத்தான் சொன்னார்.

செப்டம்பர் 3
ஆன்லைனில் யாரோ மைக்கை அணைப்பதேயில்லை. கறுக் கறுக்கென்று கத்தரிக்கோல் சத்தம். மூன்று முறை சொல்லியாயிற்று. அறை ஸ்பீக்கரை அடியோடு குறைத்துவிட்டேன். ஆன்லைனில் பதிலை எல்லாரும் சாட்டில் எழுதித்தானே அனுப்புகிறார்கள். நிம்மதி.

அக்டோபர் 24
வருகைப் பட்டியல் வந்துவிட்டது. எழுபத்தைந்து சதவீதம் எட்டாதவள் ஒருத்திதான்: முத்துராணி. என் பாடத்தில் அறுபத்தெட்டு. தேர்வெழுத முடியாது. முக்கூடல் பெண், வாரம் இரண்டு நாள் நேரில், மற்ற நாள் ஆன்லைன். நேரில் வரும்போது நல்ல மாணவி என்றுதான் நினைத்தேன். ஏமாந்திருக்கிறேன்.

அக்டோபர் 25
அம்மாவோடு வந்தாள். அந்த அம்மாள், இசக்கியம்மா, கடைசிவரை உட்காரவில்லை.
"பீடி சுத்திக்கிட்டேதான் டீச்சர் பாடம் கேக்கா. ரெண்டு கையும் இலையில இருக்கும், எங்கன போயி எழுத? அதான் மைக்கத் தொறந்தே வச்சிருக்கா. நீங்க பேர் சொன்னதும் சத்தமா பதில் சொல்லுதா. நானே கேட்டிருக்கேன்."
"சொன்னேன் மேம்" என்றாள் முத்துராணி.
"சொல்லியிருந்தால் எனக்குக் கேட்டிருக்குமே" என்றேன்.
"ஏட்டி, வா போவோம்" என்றாள் அம்மா.

பீடி இலையை வெட்டுவது கத்தரிக்கோலால். சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் உறைத்தது.

அக்டோபர் 27, ஞாயிறு
நேற்றும் இன்றும் வகுப்புப் பதிவுகளைப் போட்டுக் கேட்டேன். "முத்துராணி" என்று என் குரல். "உள்ளேன் மேம்." சற்று இடைவெளி. "மேம், இருக்கேன் மேம்." அப்புறம் என் குரல்: "ஆப்சென்ட்."
பதினாறு நாள். பதில் இல்லை என்பதாலேயே மறுநாளும் அவளையே கூப்பிட்டிருக்கிறேன். ஒரு நாள் நான் கேட்ட கணக்குக்கு விடையும் சொல்லியிருக்கிறாள். சரியான விடை. யாரும் சொல்லவில்லையே என்று வகுப்பைத் திட்டியிருக்கிறேன். நான் எப்படி—

அக்டோபர் 28
ஸ்பீக்கரைக் குறைத்தது நான், தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். காந்திமதிநாதன் இரண்டு முறை படித்தார். "பட்டியலைப் பூட்டியாச்சே மேடம். கமிட்டிதான் தெறக்கணும். அது தீபாவளி கழிஞ்சுதான் கூடும். பரீட்சை நாலாந்தேதி." அப்புறம் பைய, "எழுத்துல ஏன் குடுத்தீங்க?"

நவம்பர் 4
தேர்வு. அறைக் கண்காணிப்பு எனக்கு. அவள் இடம் காலியாகக்கூட இல்லை. பெயரை எடுத்துவிட்டு வரிசையை நெருக்கிப் போட்டிருந்தார்கள்.

நவம்பர் 19
கமிட்டி அனுமதித்துவிட்டது. ஏப்ரலில் எழுதலாம். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். அவ்வளவுதானா?

நவம்பர் 24, ஞாயிறு
முக்கூடல் போனேன். முத்துராணி மடியில் சுளகு, அதில் இலையும் தூளும். எழுந்திருக்கப் போனாள், வேண்டாம் என்றேன். பதிவுகளைக் கேட்டதைச் சொன்னேன். தவறு என்னுடையது என்றேன்.
"அன்னைக்கே சொன்னேன்லா மேம்." கோபம் இல்லை.
ஏப்ரலில் எழுதலாம், நேரிலோ ஆன்லைனிலோ எது தோதோ அதற்கு நான் ஏற்பாடு செய்கிறேன் என்றேன். அவள் நூலைச் சுற்றி முடிந்துவிட்டு அடுத்த இலையை எடுத்தாள்.
"போன வாரமே டி.சி. வாங்கிட்டாளே டீச்சர்" என்றாள் இசக்கியம்மா, காப்பியை நீட்டியபடி. என் முகத்தில் எதைப் பார்த்தாளோ, ஆறுதல் சொல்வதுபோல் சேர்த்துக்கொண்டாள்:
"வகுப்பு நேரம் மிச்சம்லா. இப்பம் தெனமும் எரநூறு பீடி கூட சுத்துதா."