ஈறின் ஆழம்

அன்புள்ள வாலுவுக்கு,

இந்தப் பல் எப்போதிலிருந்து ஆடுகிறது? இன்று காலை பல் டாக்டர் கேட்டார். பெரிய ஏரியின் நீர்மட்டம் பத்து வருடத்துக்கு முன் எந்தத் தேதியில் எவ்வளவு இருந்தது என்று கேட்டால் சொல்லிவிடுவேன்; அதுதான் என் வேலை. என் வாய்க்குள் நடந்ததற்குத் தேதி இல்லை.

நலம்தான், பதறாதே. கீழ்வரிசையில் நடுப்பற்கள் இரண்டும் ஆடுகின்றன. வலி துளியும் இல்லை. நாளை ஈறைத் திறந்து வேரைச் சுத்தம் செய்து பார்ப்பார்களாம். தாங்குவதற்கு எலும்பு மிச்சமிருந்தால் பற்கள் தங்கும். இல்லையென்றால் அங்கேயே எடுத்துவிடுவார்கள்.

தப்பு என்னுடையது. இரண்டு வருடமாகப் பல் தேய்க்கும்போது அந்த இடத்தில் ரத்தம் கசிந்தது. புண்ணைச் சீண்டக் கூடாது என்று நானே முடிவு செய்து, பிரஷ் படாமல் சுற்றிக்கொண்டு போனேன். ஆபீசில் மற்றவர்கள் கொண்டுவரும் அளவுகளை மூன்று முறை சரிபார்க்கிறவள், இதை ஒரு முறைகூடச் சந்தேகிக்கவில்லை. டாக்டரம்மா உன்னைவிடச் சின்னவர். "நல்லா இருக்கே! குப்பை நாறுதுன்னு அந்த ரூமுக்கே போகாம இருந்திருக்கீங்க" என்றார். உன் அத்தானுக்கோ கொண்டாட்டம். "பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. உன்கிட்ட இருக்கறதே நாலு சொல்லு. அதுவும் போயிட்டா நான் யார்கூடப் பேசறது?" என்கிறார். சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே ஆப்பிளைத் துருவிக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார்.

நாற்காலியைச் சாய்த்ததும் ஜன்னல் கீழே நழுவி, வெள்ளைக் கூரை மட்டும் மிஞ்சியது. டாக்டர் மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கி எண் சொல்லச் சொல்ல, நர்ஸ் எழுதினார். மூணு, ரெண்டு, மூணு. மூன்று மில்லிமீட்டர் வரை நல்ல ஈறாம். அதே ராகம், வாலு. படகில் ஒருவர் கயிற்றை இறக்கி ஆழம் சொல்ல, நான் எழுதுவேனே, அதே ராகம். இருபத்து நான்கு வருடம் எழுதியவள் இன்று ஏரியாகக் கிடந்தேன். மேலே யாரோ படகில் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். ரெண்டு, மூணு, ரெண்டு. பிறகு ஆறு. ஏழு. அந்த இடத்தில் தண்ணீர் கறுத்திருந்தது. பயம் வரவில்லை, தூக்கம் வந்தது.

பல் எலும்பில் அறைந்த ஆணி இல்லையாம். வேருக்கும் எலும்புக்கும் நடுவே நூல் நூலாக ஆயிரக்கணக்கில் இருக்கிறதாம்; பல் அதில்தான் தொங்குகிறது. கடிக்கும்போதெல்லாம் கொஞ்சமே கொஞ்சம் அசைகிறது. இவ்வளவு காலமும் வாய்க்குள் இத்தனை தொட்டில்கள் ஆடிக்கொண்டிருந்திருக்கின்றன, நமக்குத் தெரியாமல். அழுக்கு இறுகிக் காரையாகி ஈறுக்கு அடியில் இறங்கினால் நூல் அறுகிறது, எலும்பு கரைகிறது. கரைந்தது பெரும்பாலும் திரும்புவதில்லை.

இது சில குடும்பங்களில் தொடர்ந்து வருமாம். அம்மா ஐம்பது வயதில் பல்செட்டைத் தம்ளரில் போட்டுவைத்ததை வயதுக் கோளாறு என்றுதான் நினைத்திருந்தோம். நான் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. ஆனால் போன வாரம் வீடியோவில் சிரித்தபோது நீ வாயைக் கையால் மூடிக்கொண்டாய். அம்மா எவ்வளவு அதட்டியும் முப்பத்திரண்டையும் காட்டிச் சிரித்த கழுதை நீ. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் நம் வீட்டில் இல்லை.

மறுநாள் மாலை.

ஒன்று போய்விட்டது, ஒன்று தங்கியது. தங்கியதைப் பக்கத்துப் பற்களோடு கம்பியால் கட்டியிருக்கிறார்கள். போனதைத் தட்டில் வைத்துக் காட்டினார்; வேர் நெடுகக் கறுப்பாகக் காரை. வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தேன். கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று டாக்டர் கேட்டார். ஒரு விரலைக் காட்டினேன். பேனா வாங்கி, நீ இருக்கும் ஊரையும் உன் போன் நம்பரையும் எழுதினேன். அவரோடு படித்தவர் ஒருவர் அங்கே இருக்கிறாராம். நின்ற இடத்திலிருந்தே அவருக்குப் போன் போட்டார். அடுத்த மாதம் முதல் வியாழன், காலை பத்து மணிக்கு உனக்கு நேரம் வாங்கியிருக்கிறது.

உன்னைக் கேட்காமல் செய்தேன். திட்டுவதென்றால் போய்விட்டு வந்து திட்டு. போகாமல் மட்டும் இருந்துவிடாதே, கண்ணு.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கும்,
அக்கா