காதுகுத்துக்குக் கூப்பிட்டாள்

தை 14, திங்கள்
பனி. குளத்துத் தண்ணீர் வெதுவெதுப்பு, கரை ஏறினால்தான் நடுக்கம். நான் படியில் கால் வைத்ததும் பேச்சு நின்றுபோயிற்று. போலீஸ்காரர் பெண்டாட்டி அல்லவா. மற்றவர்கள் ஒருத்திக்கொருத்தி முதுகு தேய்த்துக்கொண்டார்கள். நான் படிச்சுவரில் தேய்த்துக்கொண்டேன், எருமை மாதிரி.

மாற்றலாகி வந்து இரண்டு மாதம். அவர் காட்டுவதாகச் சொன்னவை: திருவாரூர்த் தேர். மன்னார்குடித் தெப்பக்குளம். கோடியக்கரை மான். டூரிங் கொட்டகை. பார்த்தவை: இந்தக் குளம், கரையில் ஐயனார் கோயில். அவருக்கு எங்கே நேரம். புது ஆட்சி வந்தால் குத்தகைக்காரனுக்கு நல்லது என்றார்கள். பண்ணையார் வெளியேறச் சொன்ன வயலை ஒருவன் ஆள் சேர்த்து அறுத்துவிட்டான். கேஸ். தலைமறைவு. அவனைத் தேடி இவருக்கு அலைச்சல்.

தை 15, செவ்வாய்
உளுந்து ஊறப்போட மறந்தேன். குளத்தில் ஒருத்தி, "திரும்புங்கக்கா, தேச்சு விடறேன்" என்றாள். பவுனு. தேடுகிற ஆளின் மனைவியாம், அவளே சொன்னாள். "அதுக்கு நீங்க என்னா பண்ணுவீங்க?" சொரசொரப்பான கை. அழுகை வந்துவிட்டது. முங்கி எழுந்தேன்.

தை 16, புதன்
"வெள்ளிக்கெழம எம் பொண்ணுக்குக் காதுகுத்து. ஐயனார் கோயில்லதான். வந்துடுங்கக்கா" என்றாள் பவுனு.
இந்த ஊரில் என்னை ஒருவர் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. எந்தப் புடவை? குழந்தைக்குக் கவுன் எடுக்க வேண்டும். சாப்பாடு போடும்போது அவரிடம் சொன்னேன்.
"அவன் வருவானா?"
"பெத்த அப்பன் வராம எப்படிங்க?" என்றேன்.
"போயிட்டு வாயேன்" என்றார். இவ்வளவு லேசில் சம்மதிப்பார் என்று நினைக்கவில்லை. ரொம்பச் சந்தோஷம்.

தை 18, வெள்ளி
மாமன் மடியில் குழந்தை. ஆசாரி ஊசியை எடுத்ததும் வீறிட்டது. அப்போதுதான் அவன் வரப்போடு வந்தான். மெலிந்த ஆள், தாடி. மகள் தலையைத் தொட்டான். கோயிலுக்குப் பின்னாலிருந்து நான்கு பேர் வந்து அவனைப் பிடித்தார்கள். அதில் அவரும், மஃப்டியில். என் பக்கம் திரும்பவே இல்லை. குழந்தைக்கு ஒரு காதுதான் குத்தியிருந்தது.

வீட்டில் கேட்டேன். "என் வேலைடி அது" என்றார். அவரைச் சொல்லி என்ன, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா நான்.

தை 19, சனி
பவுனுவிடம் சொல்லிவிடுவது என்றுதான் குளத்துக்குப் போனேன். என்னைக் கண்டதும் மற்றவர்கள் கரையேறிவிட்டார்கள். அவள் மட்டும் நின்றாள். கண் வீங்கியிருந்தது.
"எல்லாரும் உங்களத்தான் சொல்றாங்க. நான் நம்பல. நீங்க சொல்லுவீங்களாக்கா?"
"நான் ஏன் சொல்லப்போறேன்" என்றேன்.
கையைப் பிடித்துக்கொண்டாள்.