வர்ணம் பூசாத நட்சத்திரங்கள்

டிசம்பர் 4

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் உறையைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிடாதே. பயப்படும்படி எதுவும் இல்லை. அப்பா நன்றாக இருக்கிறார். எனக்கு முழங்கால் வலி, அதுவும் படி ஏறும்போது மட்டும். நீயும் உன் வீட்டில் இருப்பவர்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். வீட்டில் இருப்பவர்கள் என்று எழுதியிருக்கிறேன். கைதவறி எழுதவில்லை.

உன் முகவரி எனக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பாய். அப்பா கொடுக்கவில்லை. அவர் மேல் கோபப்படாதே. நானாகத்தான் கண்டுபிடித்தேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியாததா? பள்ளிக்கூடத்திலிருந்து நீ பத்து நிமிடம் தாமதமாக வந்தால் செருப்பைத் திருப்பி, எந்த மண் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தவள்.

தச்சுப் பட்டறையை மூடிய பிறகு அப்பா நாலு வருஷமாக ஜன்னலோர நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். ரேடியோ கேட்பார், பேப்பர் படிப்பார், மாலையில் மரக்கடை மாமாவைப் பார்க்கப் போவார். அக்டோபர் தொடக்கத்தில் ஒருநாள் மாமா கடையிலிருந்து ஒரு பை நிறைய துண்டு மரங்களைக் கொண்டுவந்தார். சமையலறைக்குப் பின்னால் பழைய பெட்டிகள் போட்டிருக்கும் அறையைக் காலி செய்தார். மரத்தைக் கவ்விப் பிடிக்கிற பழைய வைஸைத் துடைத்து மேஜையில் மாட்டினார். கிறிஸ்துமஸ் வருகிறது, மரத்தில் தொங்கவிட நாலு சாமான் செய்கிறேன், சும்மா பொழுதுபோக்குக்கு என்றார். பொழுதுபோக்குக்கு உள்ளே தாழ்ப்பாள் எதற்கு என்று கேட்டேன். தூசு வெளியே வரக்கூடாது என்றார். தூசு என்றைக்கு அவருக்குக் கவலையாக இருந்தது?

நம் வீட்டில் நாலு வருஷமாக மரம் வைக்கவில்லை. நட்சத்திரம்கூடக் கட்டவில்லை. வைக்காத மரத்துக்கு எதற்குச் சாமான்? அன்றைக்கே எனக்குப் பொறி தட்டியது.

அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து உள்ளே போனேன். நட்சத்திரம் மூன்று, மணி ஒன்று, ஆடு இரண்டு, முகம் செதுக்காத ஒரு தேவதை. வலது கையில் மிஞ்சிய மூன்று விரலை வைத்துக்கொண்டு, இடது கையில் உளி பிடித்துச் செய்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நட்சத்திரத்தில் ஒரு முனைகூடக் கூராக இல்லை. எல்லாம் சப்பாத்தி மாவில் வெட்டியது போல உருண்டையாக, வழவழ என்று இருந்தது. கயிறு கோர்க்க ஓட்டை இல்லை. கொக்கி இல்லை. எல்லாம் என் முஷ்டி அளவு. ஆட்டை எடுத்து மோந்து பார்த்தேன். வார்னிஷ் வாசனை வரவில்லை, என் அடுப்படி வாசனை வந்தது. பத்து நாளாக எண்ணெய் பாட்டில் ஏன் இறங்கிக்கொண்டே போகிறது என்று அப்போதுதான் புரிந்தது. நான் மாடி வீட்டு வேலைக்காரியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். பாவம், அவளிடம் இரண்டு நாள் முகம்கொடுத்துப் பேசவில்லை.

சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தேன். மரத்தில் மாட்டுகிற மணியா செய்கிறீர்கள், ஆலயத்துக் கூண்டில் மாட்டுகிற மணியா என்றேன். "கண்ணு சரியாத் தெரியலை, சின்னதா செய்ய வரமாட்டேங்குது" என்றார். அதே மனிதர் முந்தின நாள்தான் என் ஊசியில் கண்ணாடி போடாமல் நூல் கோர்த்துக் கொடுத்தார். வர்ணம் பூசவில்லையா என்றேன். "எதுக்கு? மரத்துக்கே ஒரு அழகு இருக்கு" என்றார். நாற்பது வருஷம் கதவுக்கும் ஜன்னலுக்கும் பெயின்ட் அடித்தவர் பேசுகிற பேச்சா இது?

எதிர்வீட்டுத் தையல்கார அக்காவை உனக்கு நினைவிருக்கும். புருஷன் இல்லாதவள், எப்போதும் சிரித்த முகம். அவள் சிரிப்பு அந்த வாரம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. அப்பா அவள் வாசலில் நின்று ஏதோ துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததை மொட்டை மாடியிலிருந்து பார்த்தேன். இவருக்கு அங்கே என்ன வேலை என்று அப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். இந்த வயசில் இப்படியெல்லாம் நினைக்கிறாளே என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

போன மாதக் கடைசியில் ஒரு காலை, ஷேவ் செய்துவிட்டு வருகிறேன் என்று அப்பா பையோடு கிளம்பினார். ஷேவுக்கு எதற்குப் பை? நானும் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். வெயிலும் இல்லை, மழையும் இல்லை, முகத்தை மறைக்கத்தான். தெருமுனையில் தையல்கார அக்கா அவரிடம் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். வாய் சுருக்குகிற மாதிரி தைத்த பை, மஞ்சள் பூப்போட்ட துணி. அப்பா அதை அங்கேயே தன் பைக்குள் வைத்துக்கொண்டு, நேராகப் போய் பார்சல் ஆபீஸுக்குள் நுழைந்தார். நான் பக்கத்து மருந்துக்கடையில் இருமல் மருந்து வாங்குவது போல நின்றேன். கடைக்காரர் யாருக்கு இருமல், எத்தனை நாளாக, சளி உண்டா என்று துருவித் துருவிக் கேட்டு என் உயிரை எடுத்துவிட்டார். அப்பா மூன்று நாள் தாடியோடு வீடு திரும்பி, சலூனில் ஒரே கூட்டம் என்றார்.

மறுநாள் தையல்கார அக்காவை நேரடியாகவே கேட்டேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "அக்கா, என்னைக் கேட்காதீங்க, சொல்லமாட்டேன்னு அண்ணன்கிட்ட வாக்குக் கொடுத்திருக்கேன். ஆனா நீங்க நினைக்கிற மாதிரி எதுவும் இல்லை" என்றாள். நான் என்ன நினைக்கிறேன் என்று இவளுக்கு எப்படித் தெரியும்? வெட்கத்திலும் கோபத்திலும் வீட்டுக்கு வந்து, ஆணியில் மாட்டியிருந்த அப்பாவின் சட்டைப் பையில் கைவிட்டேன். பார்சல் ரசீது இருந்தது. பெறுபவர் என்ற இடத்தில் உன் பேர், கீழே உன் முகவரி.

அந்த எழுத்தைப் பார்த்தாயா மகனே? இடது கையால், ஒவ்வொரு எழுத்தாக, சின்னப் பிள்ளை சிலேட்டில் எழுதுவது போல. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் அது நானா? உளிப் பெட்டியின் அடியில் உன் கடிதங்கள் இருந்தன. எல்லாம் மரக்கடை முகவரிக்கு வந்தவை. வீட்டில் இருக்கும் ஒரே போன் என் இடுப்பில் இருப்பதால் அப்பனும் மகனும் இப்படி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறீர்கள். படிக்கவில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். மேலே இருந்த ஒன்றை மட்டும் படித்தேன். பாப்பாவுக்குப் பல் முளைக்கிறது, எது கிடைத்தாலும் வாயில் வைக்கிறாள் என்று எழுதியிருந்தாய். வர்ணம் இல்லை, கூர் இல்லை, வாய்க்குள் போகிற அளவில் ஒன்றும் இல்லை. எல்லாம் விளங்கிவிட்டது. அதே பக்கத்தின் கடைசியில், அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் அப்பா, என் பேரைக் கேட்டாலே அவங்களுக்குப் பிடிக்காது என்று இருந்தது. மேற்கொண்டு படிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்பாவின் விரல்கள் போன அந்த நாளைப் பற்றி இப்போது எழுதாவிட்டால் பிறகு எழுதமாட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாய். உன் சட்டையெல்லாம் அவர் ரத்தம். நீ போனைப் பார்த்துக்கொண்டே பட்டறையில் மரம் அறுக்கிற மிஷினைப் போட்டுவிட்டாய் என்று நானாகவே முடிவு கட்டினேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும், அதை இங்கே திரும்ப எழுத மாட்டேன்.

கண் விழித்த அன்றே அப்பா சொன்னார், "அவன் மேல தப்பு இல்லை. மெயினை அணைக்காம கையை விட்டது நான்தான். அவனுக்கு நான் அங்க குனிஞ்சிருந்ததே தெரியாது" என்று. உன்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். ஒருமுறை இல்லை, எத்தனையோ முறை சொன்னார். ஒவ்வொரு முறையும் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவேன். பிறகு அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். நாலு வருஷம் கழித்து, ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் தோன்றியது: இந்த மனிதர் என்னிடம் நாற்பது சின்னப் பொய் சொல்லியிருக்கிறார், ஒவ்வொன்றையும் அன்றைக்கே பிடித்திருக்கிறேன். பொய் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கமாட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அதைச் சொன்னபோது என்னை நேராகப் பார்த்துத்தான் சொன்னார்.

நேற்றுக் காலை அந்த அறைக் கதவைத் தட்டினேன். எனக்கும் ஒரு உப்புத்தாள் கொடுங்கள், சும்மா உட்கார்ந்தால் முழங்கால் பிடித்துக்கொள்கிறது என்றேன். என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். உட்கார இடம் கொடுத்தார். ரேகை போகிற பக்கமே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் சிராய் எழும் என்று சொல்லிக்கொடுத்தார். மத்தியானம்வரை ஒரே ஆட்டைத் தேய்த்தேன். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்காதது அவருக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது. சாயங்காலத்திலிருந்து என் பின்னாலேயே சுற்றுகிறார். உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். இந்தக் கடிதத்தைக்கூட அரிசி டப்பாவின் மேல் வைத்து, கணக்கு எழுதுவது போல எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த பார்சல் திங்கட்கிழமை கிளம்பும். அதில் காது கோணலாக இருக்கிற ஆடு நான் தேய்த்தது. என் கன்னத்திலும் உதட்டிலும் வைத்துப் பார்த்துவிட்டேன், எங்கும் குத்தவில்லை. ஆனாலும் நீ ஒருமுறை பார்த்துவிட்டே பாப்பாவிடம் கொடு. என்னை நம்பாதே. அதில் தப்பே இல்லை.

மருமகள் எப்படிப்பட்டவள்? வேலைக்குப் போகிறாளா? பாப்பாவைப் பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்? சந்தேகத்தில் கேட்கவில்லை, பழக்கத்தில் கேட்டுவிட்டேன். பதில் சொல்ல விருப்பம் இல்லாவிட்டால் விட்டுவிடு.

வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. போ என்று சொன்ன வாய்தானே. அப்பா கேட்டால் நான் எழுதியதைச் சொல்லு, மறைக்க வேண்டாம். இந்த வீட்டில் மறைத்தது போதும். பதில் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி. பாப்பா வளர்ந்து, உங்க அம்மா எங்கே அப்பா என்று ஒருநாள் உன்னைக் கேட்பாள். அன்றைக்கு அந்த வராந்தாவில் நான் சொன்னதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே ராஜா. வேறு எது வேண்டுமானாலும் சொல்.

நீங்கள் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் ஒற்றுமையாக, நோய்நொடி இல்லாமல் இருக்கக் கர்த்தர் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா