தங்கராசு கொண்டுவராத மீன்

ஆவணி 2, திங்கள்
காலையிலேயே புழுதிக்காற்று. படுக்கையில்தான். குளிக்கவில்லை. ரசஞ்சோறு இரண்டு வாய், போதும். சுவரைப் பார்த்துப் படுத்தால் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. அதுவும் நல்லது.
சித்திரையில் என் வீட்டுக்காரர் தவறிப் போனதிலிருந்து வாயில் மீன் படவில்லை. பிறந்த வீட்டார் வந்து ஆக்கிப் போட்ட பிறகுதான் கவிச்சி தொடலாம், எங்கள் வழக்கம். எனக்கு இருப்பது ஒரே தம்பி, தங்கராசு, ஆறுமுகநேரியில். என் மகன் கல்யாணப் பந்தியில் தாய்மாமனை முதலில் உட்கார வைக்கவில்லை என்று இலையை மடக்கிவிட்டு எழுந்து போனவன். அன்றைக்கு அவன் போட்டிருந்த சட்டையின் நிறம்கூடச் சொல்வேன். வர மாட்டான். நானும் கூப்பிட மாட்டேன்.

ஆவணி 3, செவ்வாய்
மருமகள் செல்வி விடவில்லை. ஆஸ்பத்திரி. டாக்டரம்மா கண்ணை இழுத்துப் பார்த்தாள். தூக்கம், அழுகை எல்லாம் கேட்டாள்.
"ஆச்சி, மனசும் சோர்ந்திருக்கு, உடம்பும் காய்ஞ்சிருக்கு. மாத்திரை தாரேன். அது மட்டும் போதாது. மீன், முட்டை, கீரை, பயறு எல்லாம் சாப்பிடணும்."
"மீனுக்கு என் தம்பி வரணும்மா."
"ஏன், அவருதான் சமைப்பாரா?"
செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் கோபம். ஆட்டோவில் வீடு வரைக்கும் அதே யோசனை. அந்தப் பயலுக்காக நான் ஏன் காய வேண்டும்?

ஆவணி 4, புதன்
மாத்திரை போட்டாச்சு. குளித்தாச்சு. தெருவில் மீன்காரி சத்தம். நானே இறங்கினேன். சாளை. செவுளைத் தூக்கிப் பார்த்தேன், நல்ல சிவப்பு.
எதிர்வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை. "ஏளா, பொறந்த வீட்டு ஆளு வராமலா?"
"நான் யாரு? நானும் அந்த வீட்லதான பொறந்தேன்."
செல்வி தேங்காய் அரைத்தாள். புளி கரைத்துக் கூட்டியது நான். முதல் வாயில் அழுகை. இரண்டாவது வாயில் உப்பு குறைச்சல் என்று தெரிந்தது. நாக்கு திரும்பி வந்துவிட்டது!

ஆவணி 8, ஞாயிறு
எதிர்வீட்டுக்காரி என் தம்பிக்குப் போன் போட்டிருக்கிறாள். வாசலில் தங்கராசு, கையில் சீலா மீன். நரைத்துப் போயிருக்கிறான்.
"அக்கா, ஆக்கிப் போடத்தான் வந்தேன்."
"அது ஃபிரிட்ஜுல கெடக்கட்டும்லே. கைய கழுவு."
முதல் இலை அவனுக்கு. நேற்று மறுபடி வாங்கி வைத்த சாளைக் குழம்பு, நன்றாக ஊறியிருந்தது. வழித்து வழித்துத் தின்றான்.
"இன்னுங் கொஞ்சம் ஊத்துக்கா."
"தாய்மாமனுக்கு மொதப் பந்தி போட்டாச்சு. இப்பமாவது நெறைஞ்சுதாலே?"
குனிந்த தலையோடு இலையை மடக்கினான்.
அவனுக்கு எதிரே இன்னோர் இலை விரித்து உட்கார்ந்தேன். இருந்ததில் பெரிய மீன் எனக்கு.