பிரேக் டிரம்முக்குள் ஒரு தேதி

என் பிரியத்துக்குரிய அண்ணே,

இறந்தவர்கள் கடிதம் படிப்பார்கள் என்று நான் நம்புகிறவள் இல்லை. அது உனக்குத் தெரியும். இருந்தும் எழுதுகிறேன், ஏனென்றால் இதைச் சொல்ல வேண்டிய ஆள் நீதான். மற்றவர்களும் படித்தால் படிக்கட்டும். ஆறு வருடம் பூட்டி வைத்தது போதும்.

உன் சிவப்புக் கார் போன வியாழக்கிழமை வீட்டை விட்டுக் கிளம்பியது. அதற்கு முந்தி, ஐப்பசி மழையில், கொட்டகைக் கூரை சரிந்து வண்டியின் மேலேயே விழுந்துவிட்டது. ஆரப்பாளையத்திலிருந்து பழைய இரும்பு வாங்குகிறவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "வெட்டித்தான் எடுக்கணும்" என்றார். மதினி அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"வண்டியச் சரி பண்ணப் போறேன் கோமதி. எங்க குடுக்கலாம்னு விசாரிச்சுச் சொல்லு."

உன் மனைவி ஒரு முடிவு எடுத்துவிட்டால் அதற்கு மேல் பேச்சு இல்லை. நானும் மறுக்கவில்லை. வண்டி ஓட வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை. அதன் பிரேக்கைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அழகர்கோவிலுக்குப் போவதாக இருந்தோம். நீ சவரம் செய்துகொண்டே, "பிரேக்குக்கு ஊத்தணும், குறைஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாய். எனக்குப் பொறுமை இல்லை. ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது எந்த மூடி எதற்கு என்று நீதான் காட்டியிருந்தாய். கொட்டகைப் பலகையில் இருந்த டப்பாவை எடுத்து நானே ஊற்றி மூடியையும் இறுக்கினேன். பிறகு கோவிலுக்குப் போனோம், வந்தோம். ஒன்றும் ஆகவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு மத்தியானம், சமயநல்லூர் தாண்டி அந்தப் புளியமரத்தில் மோதி நீ போய்விட்டாய். பிரேக் பிடிக்கவில்லை என்று ஊரே சொன்னது. பார்த்தவர் யாரும் இல்லை.

அப்போதும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. நாலைந்து மாதம் கழித்து காலேஜில் என் வகுப்பில் ரப்பர் பாடம் வந்தது. வழக்கம்போல ஒரு துண்டு ரப்பரை எஞ்சின் ஆயிலில் போட்டு வைத்து, மறுநாள் எடுத்து, எப்படி ஊதிப்போயிருக்கிறது என்று மாணவிகளுக்குக் காட்டினேன். இடுக்கியைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். சாயங்காலம் உன் கொட்டகைக்குப் போய் அந்த டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பிரேக் ஆயில் இல்லை, எஞ்சின் ஆயில். பிரேக்குக்குள் இருப்பவையும் ரப்பர் வளையங்கள்தானே?

வருடா வருடம் நானே நடத்துகிற பாடம், அண்ணே.

கொடைரோட்டுக்குப் பக்கத்தில் சவரிமுத்து என்று ஒருவர் பழைய இங்கிலீஷ் கார்களை மட்டும் பார்ப்பதாக உன் சிநேகிதர் ஒருவர் சொன்னார். சோழவரம் கார்ப் பந்தயத்துக்குப் போகிற வண்டிகளில் வேலை பார்த்தவராம். மலைத் தோட்டக்காரர்கள் எல்லோரும் தங்கள் கார்களை அவரிடம்தான் இறக்குவார்களாம். லாரி பேசினேன். தனியாகப் போய்விட்டு வரலாம் என்பது என் திட்டம். வண்டியை ஏற்றி முடித்துத் திரும்பினால் மதினி டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறார், மடியில் புளிசாதப் பொட்டலத்தோடு.

"நீங்க எதுக்கு மதினி? வெயிலு."

"என் வீட்டுக்காரர் வண்டி. நானும் வாரேன்."

லாரி டிரைவர் நல்ல வாய்க்காரர். "இம்புட்டூண்டு வண்டிக்கு இம்புட்டுப் பெரிய லாரியா அக்கா? நான் தோள்லயே தூக்கியாந்திருப்பேனே" என்றார். மதினி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உண்மை தெரியப்போகும் இடத்துக்கு, தெரியக் கூடாத ஆளையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்பதுதான் மனதில் ஓடியது. சமயநல்லூர் தாண்டியதும் மதினி சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு வலப்பக்கம் திரும்பிக்கொண்டார். மரம் இடப்பக்கம் இருக்கிறது. வாடிப்பட்டி வந்த பிறகுதான் தலைப்பை விலக்கினார்.

சவரிமுத்துவின் இடம் நான் நினைத்ததுபோல் இல்லை. தகரக் கூரை, பெருக்கிய மண் தரை, அதில் ஏழெட்டுக் கார்கள், ஒவ்வொன்றின் மேலும் துவைத்த வெள்ளை வேட்டி. "எல்லாம் மாப்பிள்ள மாதிரில்ல உக்காந்திருக்கு" என்றார் மதினி என் காதில்.

அவருக்கு அறுபது வயது இருக்கும். லாரியிலிருந்து உன் வண்டி இறங்கியதும் அவர் கிட்டே வரவில்லை. தூரத்தில் நின்று பார்த்தார்.

"மொதலாளி எங்க?"

மதினிதான் பதில் சொன்னார். "இல்ல. ஆறு வருசமாச்சு."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். பிறகு எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டார். பிரேக் என்றேன்.

"முன்பக்கம் இம்புட்டு நசுங்கிக் கெடக்கு. மொதல்ல ஏன் பிரேக்கு?"

பொய் சொல்ல இரண்டு காரணங்கள் தயாராக வைத்திருந்தேன். மதினி பக்கத்தில் நின்றார். எப்படியோ வாயிலிருந்து வேறு வந்துவிட்டது. "அதுல நான் எஞ்சின் ஆயில ஊத்திட்டேன். தெரியாம ஊத்திட்டேன். அதுனாலதான் எங்க அண்ணன்..."

மதினியின் முகத்தை நான் பார்க்கவில்லை. சவரிமுத்துவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது எனக்குத் தெரியுமே, டீச்சர்" என்றார் அவர்.

நான் டீச்சர் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அவர் உட்கார்ந்து முன்சக்கரத்தைக் கழற்றினார். துரு ஏறிய பிரேக் டிரம்மைத் தட்டித் தட்டி எடுத்தார். உள்பக்கத்தைத் துணியால் துடைத்து வெயிலில் திருப்பிக் காட்டினார். ஓரத்தில் ஆணியால் கீறிய எழுத்து: ச.மு., அதன் கீழே ஒரு தேதி. தான் வேலை பார்த்த ஒவ்வொரு பிரேக்கிலும் அப்படிக் கீறி வைப்பாராம், பின்னால் யாராவது குறை சொன்னால் தான்தான் என்று ஒத்துக்கொள்வதற்கு. அந்தத் தேதி நீ இறப்பதற்குப் பதினோரு நாள் முந்தையது.

வியாபாரத்துக்குப் பஞ்சு பார்க்கத் திண்டுக்கல் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாயே, அந்த நாள்.

"மிதிச்ச பெடல் மேல வரலன்னு வந்தாரு. தொறந்தா ரப்பரெல்லாம் பணியாரம் மாதிரி உப்பிக் கெடக்கு. எந்தப் புண்ணியவான் வேலைன்னு கேட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு. எம்.எஸ்சி. படிச்சு டீச்சரா இருக்கிற என் தங்கச்சி கைன்னாரு. எல்லா ரப்பரையும் மாத்தி, குழாய அலசித்தான் அனுப்புனேன். போகும்போது சொன்னாரு, அண்ணே, இந்தப் பக்கம் அந்தப் புள்ள எப்பவாவது வந்தா சொல்லிராதீங்க, கூசிப்போயிரும்னு."

நான் உடனே நம்பிவிடவில்லை. வேலை சரியாக நடந்தது என்பதற்கு என்ன சாட்சி என்று அவரிடமே கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. முன்டயர்கள் இரண்டையும் உருட்டிக் காட்டினார். இரண்டிலும் ஒரே ஓர் இடம் நூல் தெரியத் தேய்ந்திருந்தது. நின்றே கிடந்ததில் அமுங்கியதாக இருக்கலாமே என்றேன்.

"அமுங்குனா மடிப்பு விழும் டீச்சர். இது ரோட்டுல உரசுனது. சக்கரம் பூட்டிக்கிட்டாத்தான் இப்படித் தேயும். உங்க அண்ணன் மிதிச்சிருக்காரு. பிரேக்கும் பிடிச்சிருக்கு."

விரலை வைத்துப் பார்த்தேன். உரசியதுதான்.

அப்போதுதான் மதினி பேசினார். "இதுக்காகவா ஆறு வருசமா என் வீட்டுல ஒரு வாய் சோறு திங்காம, காலேசு வேலை, காலேசு வேலைன்னு ஓடுன? நான் என்னமோ தாலியறுத்தவ வீட்டுல கை நனைக்க ஒனக்குக் கூச்சமாக்கும்னுல்ல நினைச்சேன்!"

அண்ணே, அவர் அப்படி நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சவரிமுத்து எழுந்து, டீ சொல்கிறேன் என்று தெருப்பக்கம் போய்விட்டார். மதினி என் கையைப் பிடிக்கவில்லை, அழவும் இல்லை. புளிசாதத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். "தின்னு." தின்றேன். உப்பு கூடுதல். சொன்னேன். "ஆறு வருசம் கழிச்சு வந்து குத்தம் வேறயா" என்றார்.

திரும்பி வரும்போது சமயநல்லூருக்கு முன்னால் மதினி லாரியை நிறுத்தச் சொன்னார். இறங்கி அந்த மரத்தடியில் சற்று நேரம் நின்றோம். வண்டி மோதின இடத்தைப் பட்டை மூடி வளர்ந்துவிட்டது. எதைக் கண்டு மிதித்தாய்? ஆடா, மாடா, குழந்தையா? டயர் அதைச் சொல்லாது. எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரியவில்லை என்று எழுதுவதில் இப்போது எனக்குச் சிரமம் இல்லை.

உன்னிடம் ஒரு மனத்தாங்கல் மட்டும் உண்டு. நான் கூசிப்போவேன் என்று மறைத்தாய். கூசியிருப்பேன், உண்மைதான். ஒரு வாரம் உன் முகத்தைப் பார்த்திருக்க மாட்டேன். அந்த ஒரு வாரத்தைக் காப்பாற்றப் போய் ஆறு வருடம் போய்விட்டதே, அண்ணே. உன்னை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மதினியிடம் ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். நம் குடும்பத்தில் நாம் இரண்டு பேரும் ஒரே மாதிரி.

வண்டி தை மாதம் தயாராகுமாம். லைசென்சைப் புதுப்பிக்க எழுதிப் போட்டுவிட்டேன். நான் ஓட்ட, மதினி பக்கத்தில் உட்கார, அதே சாலை வழியாகத்தான் வீட்டுக்கு வருவோம். வழியில் அவர் எதைக் கேட்டாலும் மறைக்காமல் பதில் சொல்லிக்கொண்டே வருவேன். அவரிடம் நான் கேட்க வேண்டியதும் நிறைய இருக்கிறது. கேட்பேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
கோமதி