பச்சைப்பயறும் கொள்ளும்

கனிஷ்கா அப்பாவுக்கு வணக்கம். முதுகுவலி எப்படி இருக்கிறது? நான் நலம்.

எங்கள் கம்பெனி வேன் ஓட்டும் மஞ்சுநாத் அண்ணன் அரூர் வருகிறார். அவரிடம் பச்சைப்பயறும் கொள்ளும் கொடுத்தனுப்புகிறேன். தினமும் முட்டை என்றால் பிள்ளைகளுக்குச் சலித்துவிடும். ஒருநாள் கொள்ளு ரசம் வையுங்கள், ஒருநாள் பயறுச் சுண்டல். சந்தையில் நெத்திலிக் கருவாடு மலிவாகக் கிடைத்தால் குழம்பு வைக்கலாம்.

போன வாரம் வேலையில் லேசாகத் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். பயப்பட ஒன்றுமில்லை. என்னோடு அறையில் தங்கியிருக்கும் மமதா முட்டை அவித்துக் கொண்டுவந்தாள்.

"வீட்டுக்கு மட்டும் வகைவகையா சொல்ற. நீ தினமும் ஊறுகா சோறுதானே தின்னுற?" என்று திட்டினாள்.

சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை. இப்போதெல்லாம் பசியும் தெரிவதில்லை, அழுகையும் வருவதில்லை.

ஒரு உதவி. ராத்திரி பிள்ளைகள் சாப்பிட உட்காரும்போது எனக்குப் போன் போட்டுப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். யாரும் பேச வேண்டாம். அவர்கள் சாப்பிடுகிற சத்தம் கேட்டால், நானும் தட்டை எடுத்துக்கொண்டு உட்காருவேன்.

அண்ணன் ஹாரன் அடிக்கிறார். நிறுத்துகிறேன்.

தேன்மொழி
பொம்மசந்திரா